தேசம்மா சேர்த்தது

பணம் சேர்ப்பவர்கள் எதன் மேலாவது ஆசைப்பட்டுத்தான் சேர்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தேசம்மா பயந்துபோய்ச் சேர்த்தாள். கல்லூரிக் காலம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அடித்துச் சொல்வேன்.

என் பெயர் எப்சிபா. எளாவூரில் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஆல்வினின் மகள். தேசம்மா சுண்ணாம்புக்குளத்துப் பக்கம், ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து வருவாள். பஸ்ஸில் எளாவூர் வந்து இறங்குவாள், அங்கிருந்து இருவரும் ரயிலில் பொன்னேரி. இருவரும் ஒரே வகுப்பு, பி.காம்.

அவளுடைய சிக்கனத்தைக் கிண்டல் செய்யாத ஆள் எங்கள் வகுப்பில் இல்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வராமல் போனால், அடுத்தது வரும்வரை வெயிலில் நிற்பாளே தவிர ஷேர் ஆட்டோவில் கால் வைக்க மாட்டாள். கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். நான் ஜெராக்ஸ் எடுக்கும் பாடத்தை அவள் ரயிலில் மடியில் வைத்துக் கையால் எழுதுவாள். ரயில் ஆடும்போது எழுத்தும் ஆடும். பரீட்சைக்கு முந்தின நாள் அவள் எழுத்து அவளுக்கே புரியாமல் என்னிடம் வந்து நிற்பாள். கல்லூரிப் பெண்களுக்கு அரசு மாதாமாதம் போடும் பணம் வந்த அன்று நாங்கள் பானிபூரி வண்டியைச் சுற்றி நிற்போம். அவள் ஏடிஎம் வரிசையில் நிற்பாள். எடுப்பதற்கு இல்லை, இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"இன்னாடி, குட்டி போட்டிருக்கா?" என்று கேட்பேன்.

"கீது," என்பாள். பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். சிரிக்க மாட்டாள்.

திங்கட்கிழமைகளில் அந்த ஒரு வார்த்தையும் வராது. திமிர் பிடித்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவளே சொன்னாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அம்மா அம்மணியோடு ஏரியில் இறங்குவாள். அவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, அடிச் சேற்றைக் கைகளால் துழாவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். காலையிலிருந்து வெயில் சாயும்வரை பறியைக் கடித்திருந்தவளுக்கு மறுநாள் தாடை எப்படித் திறக்கும்? தண்ணீருக்குள் கெளுத்தி முள் குத்தினாலும் கத்தக் கூடாதாம். வாயைத் திறந்தால் பறி விழுந்து, பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும். அவள் அதை வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பாடத்தை எழுத ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய போனும் அவளுக்குத் திறக்காது. பழைய போன்தான், யாரோ வைத்திருந்து விற்றது. விரலை வைத்தால் யாரென்று தெரியவில்லை என்பதுபோல ஒரு உதறு உதறும். சேறும் நண்டின் ஓடும் விரல் நுனியைத் தேய்த்து மழமழவென்று ஆக்கியிருக்கும். "உன் போனே உன்னைத் தெரியாதுங்குதுடி," என்று நான் சிரிப்பேன். வெள்ளிக்கிழமை வாக்கில் போன் அவளைக் கண்டுகொள்ளும். மறுநாள் மறுபடியும் ஏரி.

"அப்படி இன்னா பயம் உனக்கு?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவள் சந்தியாவைப் பற்றிச் சொன்னாள். சந்தியா அவளுடைய சித்தப்பா மகள், அவளைவிட நன்றாகப் படித்தவள். ஒரு மழைக்காலத்தில் சித்தப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், கையில் ஒன்றும் இல்லாமல், செங்கல் சூளைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கினார்கள். அட்வான்ஸ் வாங்கினால் குடும்பமே சூளைக்குப் போய் வேலை செய்து கழிக்க வேண்டும். அவர்களை ஏற்றிப்போக ஒரு மினி லாரி வந்து நின்றது. பிளஸ் ஒன் பாதியில் சந்தியா அதில் ஏறினாள். அதன் பிறகு அவள் பள்ளிக்கூடம் பக்கம் வரவே இல்லை.

"கைல துட்டு இல்லாத அன்னிக்குப் பார்த்து அந்த வண்டி வந்து நிக்கும் எப்சி," என்றாள் தேசம்மா. "அன்னிக்கு என்னாண்ட துட்டு இருக்கணும்."

அதற்குப் பிறகு நான் கவனித்தேன். ரயில்வே கேட்டில் ஏதாவது மினி லாரி உறுமினால் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

அவளுடைய நைனா பெருமாளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நல்ல பெரிய சேற்று நண்டு கிடைத்தால், கொடுக்கைக் கட்டி, கூடையில் வைத்துக்கொண்டு எளாவூருக்கு வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பார். காரில் போகிறவர்கள் நிறுத்தி வாங்குவார்கள். அவர் பஸ்ஸில் வரும்போது பார்த்திருக்கிறேன். கூடையைக் காலிடுக்கில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நிற்பார். கம்பியைப் பிடிக்கவே மாட்டார். பஸ் திரும்பும்போதெல்லாம் யார் மேலாவது போய் விழுவார். "கம்பிய புடிய்யா! இன்னா சர்க்கஸா காட்ற?" என்று கண்டக்டர் கத்துவார். இவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் மேல் விழுவார்.

டீ குடிப்பதென்றாலும் பேப்பர் கப்பில்தான். குடித்துவிட்டுக் கசக்கி, தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். எங்கள் கடை பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காருவார், கை மட்டும் மடியை விட்டு நகராது. எதையும் தொடாத மனிதர். ஏன் என்று தேசம்மாவைக் கேட்டால், "நைனா அப்டித்தான்," என்று முடித்துவிடுவாள்.

அவருக்கு பேங்க் கணக்கும் கிடையாது. கணக்கு ஆரம்பிக்க மிஷினில் விரல் வைக்க வேண்டும் என்றதும் எழுந்து வந்துவிட்டாராம். ரேஷன் கடைக்கும் அம்மணிதான் போவார். அதனால் போனில் பணம் அனுப்புகிற நண்டு வாடிக்கைக்காரர்களின் பணமெல்லாம் தேசம்மாவின் கணக்குக்குத்தான் வரும். அவள் கணக்கின் ஸ்கேன் அட்டையைப் பெருமாள் நண்டுக்கூடையின் பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வீட்டுக்கு வேண்டியதை அவ்வப்போது அவள் எடுத்துக் கொடுப்பாள். அவள் சேர்த்தது மட்டும் அப்படியே கிடக்கும்.

கடைசி வருடம் முடிந்தது. சென்னையில் எம்.காம். படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் சேர்த்தது எல்லாம் எதற்காகக் காத்திருந்ததோ அது வந்துவிட்டது என்று நான்தான் குதித்தேன். சேர்க்கைக் கட்டணம், விடுதிப் பணம் எல்லாம் கட்ட அந்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி. கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தேசம்மாவிடம் இருந்தது சரியாகப் போதும், மிச்சம் என்று ஒன்றும் வராது.

திங்கட்கிழமை பொன்னேரிக்குப் போனோம். ஏடிஎம் கார்டைத் திருப்பித் துப்பியது. இன்னொரு மிஷினிலும் அதேதான். பேங்குக்குள் போய்க் கேட்டோம். கம்ப்யூட்டரைப் பார்த்த ஊழியர் கொஞ்ச நேரம் எங்களையும் பார்த்தார்.

"உங்க கணக்கைப் புடிச்சு வெச்சிருக்காங்கம்மா. பணம் போடலாம், எடுக்க முடியாது."

"யார் சார் புடிச்சாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"போலீஸ். வேற ஸ்டேட் போலீஸ். யாரோ ஏமாத்தின பணம் உங்க கணக்குக்கு வந்திருக்கு. நம்ம மாவட்ட சைபர் போலீஸ்ல போய் எழுதிக் கொடுங்க. அவங்க சொன்னாத்தான் விடுவோம்."

அவர் ஒரு துண்டுச் சீட்டில் புகார் எண்ணையும், பணம் வந்த தேதியையும் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டு திரும்பினால் பக்கத்தில் தேசம்மா இல்லை. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ் நிலையத்திலும் இல்லை. கடைசியில் ரயில் நிலையத்தில், நடைமேடையின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. துப்பட்டா முனையை மடித்து வாயில் கடித்தாள். ஏரியில் பறியைக் கடிப்பது இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். போலீஸ் என்ற சொல்லை நான் சினிமாவில்தான் கேட்டிருக்கிறேன், அவள் அதை வீட்டில் கேட்டு வளர்ந்தவள்.

"நீ ஒண்ணும் பண்ணலயேடி," என்றேன்.

"பண்ணலன்னு யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் குடியிருப்புக்குப் போனேன். மத்தியான வெயில். அம்மணி அடுப்பில் சோறு வைத்திருந்தார். எனக்கு டீ கொடுத்தார்கள். பெருமாள் நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி அக்கம்பக்கத்து வீடுகளில் பேச்சுக் குரல், பிள்ளைகளின் கூச்சல். தேசம்மா நின்றபடியே சொன்னாள்.

"நைனா, என் கணக்க போலீஸ் புடிச்சி வெச்சிக்கீது."

அவளுடைய வாக்கியத்தில் 'போலீஸ்', 'புடிச்சி' என்ற இரண்டு சொற்கள்தான் அங்கே காதில் விழுந்தன. அம்மணி செம்புத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கினாள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவுகள் சாத்தப்படும் சத்தம், பிறகு காலடிச் சத்தம். நான் டீயை வாயில் வைப்பதற்குள் அந்தக் குடியிருப்பே காலி. ஏரிக்கரை வேலிக்காத்தான் புதருக்குள் கடைசியாக ஒரு சிவப்புச் சேலை மறைந்தது. வெந்தும் வேகாத சோறு, ஒரு நாய், நாங்கள் மூன்று பேர்.

பெருமாள் மகளைப் பார்த்தார். "நீயும் போ. அம்மா கூட போய் தண்ணில எறங்கு."

"நா இன்னா பண்ணேன் நைனா?"

"நா மட்டும் இன்னா பண்ணேன்?" என்றார். அப்புறம்தான் எனக்கும் கதை தெரிந்தது. தேசம்மாவுக்கே முழுதாகத் தெரிந்தது அன்றுதானாம்.

"கல்யாணத்துக்கு மின்னாடி பாப்பா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்கியோ ஒரு பம்பு செட்டு மோட்டாரு காணாம பூட்ச்சி. எங்க ஆளுங்களத்தான் இட்டுனு போனாங்க. அடி வாங்கனது வுடு. பத்து வெரலையும் மையில தோச்சி, தாள்ல வெச்சி அமுக்கனாங்க. அப்பால மோட்டாரு கெடச்சிடுச்சி, வுட்டுட்டாங்க. வெளிய வரும்போது ஒருத்தர் சொன்னாரு. உன் கை இனிமே எங்களாண்டதான் கீது, எங்க வெச்சாலும் தெரியும்னு."

பஸ் கம்பி, பேப்பர் கப், எங்கள் கடை பெஞ்ச் எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் கை பட்ட இடத்தில் எது காணாமல் போனாலும் போலீஸ் அவரைத் தேடி வரும். அத்தனை வருடமும் அதை அப்படியே நம்பி, கை படாமல் பிழைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

துண்டுச் சீட்டில் இருந்த தேதியைச் சொன்னேன். பெருமாளுக்கு உடனே நினைவு வந்தது. வெள்ளைக் கார்க்காரன் ஒருவன் கூடை நண்டு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, அட்டையை ஸ்கேன் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் யாரை ஏமாற்றிய பணமோ. விற்றவர் பெருமாள், பார்த்தவரும் அவர்தான். அவர் வந்து சொன்னால் விஷயம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

"துட்டு போனா போவுது கண்ணு," என்றார் அவர் மகளிடம். "அத்த மறந்துடு. நமக்கு ஏரி கீது."

"ஏரி கீது நைனா. சூள வண்டியும் கீது."

கட்டிய நண்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, அவரும் ஏரிப் பக்கம் நடந்தார். தேசம்மா வாசலில் நின்றாள். "நா மட்டும் போறேன். நீ வரியா எப்சி?" என்றாள். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று அப்பா சொல்வார் என்று தெரியும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை எளாவூர் பஸ் நிறுத்தத்தில் கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் நின்றாள். கல்லூரி முடிந்து அந்த அட்டை செல்லாமல் போய்விட்டது என்று அவளுக்கும் தெரியும். பஸ் கிளம்புகிற நேரத்தில் பின் படியில் பெருமாள் ஏறினார். தொடை வரைக்கும் லுங்கி ஈரம். ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"நீ எதுக்கு நைனா வந்த?"

"உன்ன மட்டும் உள்ள வெச்சிக்கினா?" என்றார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். வழி முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் தேசம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

சைபர் போலீஸ் இருந்த கட்டடம் ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸ்போலத்தான் இருந்தது. கம்ப்யூட்டர்கள், காற்றாடி, சுவரோரம் நாற்காலிகள். அது பெருமாளுக்குத் தெரியவில்லை. வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கழற்றிய செருப்பைக் கையில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் போட்டார். எனக்கு ஒன்றுக்கு வருவதுபோல இருந்தது, எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது.

எஸ்.ஐ. ஒரு பெண். அனிதா என்று மேசையில் பெயர்ப்பலகை. அதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. துண்டுச் சீட்டை வாங்கி, கம்ப்யூட்டரில் பார்த்து, கேள்வி கேட்டு எழுதினார்.

"வாங்கின ஆள் எப்படி இருந்தான்?"

"பேரமே பேசல மேடம்," என்றார் பெருமாள். "சொன்ன வெலைக்கி வாங்கனான். அப்பவே நான் பயந்திருக்கணும்."

எஸ்.ஐ. முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்துத் தாளைத் திருப்பினார். "கையெழுத்து போடுவீங்களா?"

"தெரியாது."

"அப்போ பெருவிரல் வைங்க."

மைப் பெட்டி மேசையில் நகர்ந்து வந்து அவர் முன்னால் நின்றது. பெருமாளின் கைகள் அக்குளுக்குள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை, சென்னை, அவள் நடந்த நடை, குடிக்காத டீ எல்லாம் அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. 'வை நைனா' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கண்ணில் இருந்த பயம் தனக்காகவா அவருக்காகவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வெச்சா பொண்ண வுட்டுடுவீங்களா?" என்று பெருமாள் கேட்டார்.

"உங்க பொண்ணை யாருங்க புடிச்சாங்க?" என்றார் எஸ்.ஐ.

அவர் வலது கையை வெளியே எடுத்தார். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தார்.

எஸ்.ஐ. தாளைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "வெறும் மையா இருக்கே. துடைச்சிட்டு மறுபடியும் வைங்க." வைத்தார். "இடது கை." வைத்தார். "அடுத்த விரல் பார்க்கலாம்." ஒவ்வொரு விரலாகத் தோய்த்து ஒவ்வொரு விரலாக வைக்க வைக்க, அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. பழைய காலத்தில் நடந்தது திரும்ப நடப்பதாகவே அவர் நினைத்திருக்க வேண்டும். தேசம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்து விரலும் முடிந்தது. தாளில் பத்துக் கறுப்புத் திட்டு. ஒன்றில்கூட ஒரு கோடு இல்லை.

"ரேகையே இல்லையே இவருக்கு," என்றார் எஸ்.ஐ.

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். "மேடம், இவர் திருடினா நம்மால புடிக்கவே முடியாது!" இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சில்லை. எனக்குச் சுருக்கென்றது.

பெருமாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் கை உங்களாண்ட இல்லியா?" என்றார்.

"என்னது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

ரேகை தேய்ந்திருக்கிறது என்று எஸ்.ஐ. ஓரத்தில் எழுதிக்கொண்டார். சாட்சிக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த நண்டுப் பணத்தை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு மற்றதை விடச் சொல்லி அந்த வேறு மாநில போலீஸுக்கு எழுதுவதாகவும், அங்கிருந்து பதில் வந்ததும் பேங்க் விட்டுவிடும் என்றும் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டோம். வரும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். நாங்கள் நின்றுகொண்டு வந்தோம். ஒரு பெரிய வளைவு வந்தது, வழக்கம்போலத் தேசம்மா அவர் சட்டைக்குக் கை நீட்டினாள். அவர் விழவில்லை. மேலே பார்த்தேன். வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தார். கம்பியில் மை ஒட்டியது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தேசம்மா சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. தினமும் பொன்னேரிக்கு வந்து ஏடிஎம் முன்னால் நின்றாள். கார்டைப் போடுவாள், மிஷின் துப்பும், வெளியே வந்து மரத்தடியில் உட்காருவாள், மறுபடியும் போவாள். வாட்ச்மேன் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் நான் கூடப்போய் நின்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை. "வண்டி வந்து நிக்குது எப்சி," என்றாள். நிஜமாகவே ஏதாவது மினி லாரியா என்று நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாயங்காலம் பேங்க் சாத்துகிற நேரத்தில் அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. கணக்கைத் திறந்துவிட்டார்கள், நண்டுப் பணம் மட்டும் நின்றது. பிரவுசிங் சென்டரில் பணம் கட்டி ரசீது வரும்வரை அவள் மூச்சுவிட்ட மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை. நின்றுபோன நண்டுப் பணத்தின் அளவுக்குக் கட்டணத்தில் குறைந்ததை என் அப்பா போட்டிருந்தார். அதைத் திருப்பித் தரும்வரை அவள் எங்கள் கடைப் பக்கம் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

சென்னைக்குப் போனவள் பல மாதம் ஊருக்கே வரவில்லை. பஸ் செலவு மிச்சமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் விடுதிக்குப் போனேன். அங்கேயும் அதே கதைதான்: மெஸ்ஸில் காசு கொடுத்து வாங்கும் முட்டை கிடையாது, சினிமா கிடையாது. ஆனால் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது.

"ஒண்ணு காட்றேன், பாரு," என்றாள். போனை எடுத்து, பெருவிரலை வைத்தாள். திறந்தது. பூட்டிவிட்டு மறுபடியும் வைத்தாள். திறந்தது. "திங்கக்கெழம, செவ்வாக்கெழம, எல்லா நாளும் தெறக்குது எப்சி!" வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சிரித்த வேகத்தில் வீட்டுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். பெருமாள் எடுத்தார்.

"நைனா, வெரல் வெச்சா போன் தெறக்குது. எனக்கு ரேகை வந்துடுச்சி!"

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"யார்னா பார்த்தாங்களா?" என்று அவர் குரல் கேட்டது. மிகவும் தாழ்ந்த குரல்.

"எப்சிதான் கீறா."

"வேற யாராண்டயும் காட்டாத கண்ணு. எதையும் தொடாத. லீவு வுட்டதும் வந்துடு. ஒரு வாரம் ஏரில கைய வெச்சா போய்டும்."

தேசம்மாவின் சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "சரி நைனா," என்றாள்.

போனை வைத்ததும் அதில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். விரல் பூட்டை எடுத்துவிட்டு எண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி?"

"நம்பரே போதும்," என்றாள்.

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். விடுதியின் மாடிப்படி செங்குத்தானது, அன்றைக்குத்தான் கழுவிவிட்டிருந்தார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். பின்னால் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள்.

"வழுக்கும்டி, புடிச்சுக்கோ," என்றேன்.

"பரவால்ல," என்றாள்.